அம்மாவின் தாளும் மகளின் தாளும்: குழந்தைகளின் நலனைக் குழந்தைகளிடமே கேட்டு அளப்பது

இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்த ஒரு மதியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றை ஓர் அம்மா நிரப்பியிருந்தார். இன்னொன்றை அவருடைய பத்து வயது மகள் வேறு அறையில் உட்கார்ந்து நிரப்பியிருந்தாள். மகள் பேசும்போது அம்மா காதுகொடுத்துக் கேட்கிறாரா என்பது இரண்டிலும் இருந்த கேள்வி. எதிரே ‘எப்போதும்’, ‘பெரும்பாலும்’, ‘சில நேரம்’, ‘ஒருபோதும் இல்லை’ என்று நான்கு கட்டங்கள். அம்மா ‘எப்போதும்’ என்பதில் டிக் போட்டிருந்தார்; மகள் ‘சில நேரம்’ என்பதில்.

இருவரிடமும் தனித்தனியே பேசிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அம்மா பொய் சொல்லவில்லை. அடுப்படியில் நின்றபடி, குக்கர் விசிலை எண்ணியபடி, மகள் சொன்ன பள்ளிக்கூடக் கதைகள் அத்தனையையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மகளும் பொய் சொல்லவில்லை. அம்மா திரும்பித் தன் முகத்தைப் பார்த்தால்தான் அவள் கணக்கில் அது ‘கேட்பது’.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. 1987இல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் சக ஆய்வாளர்களும் 119 ஆய்வுகளைத் திரட்டி, பிள்ளைகளின் மனச் சிக்கல்களையும் நடத்தைச் சிக்கல்களையும் பற்றி யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். இருவர் சொல்வது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்ட ஒட்டுறவுக் கெழு என்ற எண் உண்டு. 1 என்றால் முழு ஒற்றுமை. 0 என்றால் தொடர்பே இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றித் தாயும் தந்தையும் போல ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பெரியவர்கள் சொன்னவற்றுக்கு இடையே அந்த எண் சராசரியாக 0.60. பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் இடையே 0.22 மட்டுமே. ஒரே நிலையில் இருக்கும் பெரியவர்கள் தங்களுக்குள் ஓரளவு ஒத்துப்போகிறார்கள், பிள்ளையோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை.

“குழந்தைதானே, அதற்கு என்ன தெரியும்?” என்று இந்த இடத்தில் பலர் கேட்பார்கள். பிள்ளையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு நாமே அளக்கலாம். வயிறு வலிக்கிறதா என்பதை வயிற்றுக்குச் சொந்தக்காரரிடம்தான் கேட்டாக வேண்டும். வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறேனா, என்னை இவர்களுக்குப் பிடிக்கிறதா, நாளை நன்றாக இருக்கும் என்று நம்புகிறேனா என்பவை எல்லாம் வயிற்றுவலி வகையைச் சேர்ந்தவை.

ஆனால் நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. குழந்தை நலன் என்றால் சிசு மரண விகிதம், எடை, தடுப்பூசி, பள்ளிச் சேர்க்கை என்றே இருந்தது. அவை இன்றும் அவசியம். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவை பிள்ளை உயிரோடு இருக்கிறதா, பள்ளிக்குப் போகிறதா என்று சொல்லுமே தவிர, எப்படி இருக்கிறது என்று சொல்லாது. ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு. அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு எடை தர வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் அதை ஏற்றன.

இந்தக் கேள்விகள் ஒரு நாட்டையே உலுக்கியதும் உண்டு. 2007இல் யுனிசெப்பின் இன்னொசென்டி ஆய்வு மையம் 21 பணக்கார நாடுகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு அளவுகளில் ஒன்று, பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே சொன்னது. நெதர்லாந்து முதலிடத்தில் வந்தது, பிரிட்டன் கடைசி. அங்கே அது பெரும் விவாதமாயிற்று. இங்கிலாந்தின் ‘சில்ட்ரன்ஸ் சொசைட்டி’ என்ற தொண்டு நிறுவனம் 2005 முதலே பிள்ளைகளிடம் கேட்டு வந்தது. பிறகு யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து குடும்பம், வீடு, நண்பர்கள், பள்ளி, தோற்றம், எதிர்காலம், தன் வாழ்க்கையில் தனக்கு இருக்கும் தெரிவுரிமை என்று பத்து அம்சங்கள் கொண்ட ஒரு குறியீட்டையும் உருவாக்கியது. அதன் அறிக்கைகளில் என் மனத்தில் ஆழப் பதிந்த முடிவு இது: வீட்டில் அப்பா, அம்மா இருவரும் இருக்கிறார்களா, ஒருவர்தான் இருக்கிறாரா என்பதைவிட, வீட்டில் இருப்பவர்களோடு உறவு எப்படி இருக்கிறது என்பதே பிள்ளையின் நலனோடு பல மடங்கு நெருங்கியிருந்தது.

வளர்ப்பை எப்படி அளப்பது?

பிள்ளையிடம் இரண்டு வேறு விஷயங்களைக் கேட்கலாம். ‘உன்னை எப்படி வளர்க்கிறார்கள்?’ என்பது ஒன்று. ‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத்தான் நீண்ட வரலாறு. பெற்றோரின் நடத்தையைப் பிள்ளைகளே விவரிக்கும் ஒரு பெரிய கேள்வித்தாளை 1965இல் அமெரிக்காவில் ஏர்ல் ஷேஃபர் உருவாக்கினார். 1979இல் ஆஸ்திரேலியாவின் கோர்டன் பார்க்கரும் சகாக்களும் விஷயத்தை 25 கூற்றுகளுக்குள் சுருக்கி, இரண்டே அச்சுகளில் நிறுத்தினார்கள்: ஒன்று அக்கறை, மற்றொன்று அளவுமீறிய பாதுகாப்பு. நம் ஊரில் ‘பொத்திப் பொத்தி வளர்ப்பது’ என்கிறோமே, அதுதான் இரண்டாவது. ஆனால் அதை நிரப்புகிறவர்கள் வளர்ந்தவர்கள். தங்கள் முதல் பதினாறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து நிரப்புகிறார்கள். ஸ்வீடனில் பிறந்த ‘எம்பு’ என்ற கேள்வித்தாளின் பெயருக்கே ‘வளர்ப்பு பற்றிய சொந்த நினைவுகள்’ என்றுதான் பொருள். நினைவு என்பது இன்றைய மனநிலையின் சாயம் ஏறியது. அதனால்தான் பிறகு ‘எம்பு’வுக்குக் குழந்தைகளே இன்றைய நாளைப் பற்றி நிரப்பும் வடிவம் வந்தது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரொனால்ட் ரோனர். மானுடவியல் பயின்றவர் என்பதால், ‘நல்ல வளர்ப்பு’ என்று ஒரே ஒரு படத்தை எல்லா நாட்டுச் சுவரிலும் மாட்ட அவர் ஒப்பவில்லை. பெற்றோரின் அன்பையும் புறக்கணிப்பையும் அவருடைய கேள்வித்தாள் நான்கு பிரிவுகளாகப் பார்க்கிறது. அன்பு, கோபமும் பகையும், அலட்சியம் ஆகிய மூன்றும் எதிர்பார்த்தவையே. நான்காவதுதான் விசேஷம். பெற்றோர் அடிக்கவில்லை, திட்டவில்லை, சாப்பாட்டில் குறைவைக்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர் சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் ‘என்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று பிள்ளை நினைக்கிறது. அந்த நினைப்பையும் ரோனர் ஒரு அளவாகவே எடுத்துக்கொண்டார். பிள்ளையைக் கேட்காமல் அதை அறிய வேறு வழியே கிடையாது.

1985இல் ரோனரும் சாண்ட்ரா பெட்டெங்கிலும் கொரிய இளம்பருவத்தினரிடம் கேட்டறிந்தது இதைவிடச் சுவையானது. பெற்றோர் எந்த அளவுக்குக் கண்டிப்பாக இருந்தார்களோ அந்த அளவுக்கு அன்பாகவும் இருப்பதாக அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். கண்டிப்பு அவர்கள் கண்ணில் கவனிப்பின் அடையாளம். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைகளோ கண்டிப்பைப் பகையோடு சேர்த்துப் பார்த்தார்கள். கண்டிப்பு ஒன்றுதான்; அது எங்கே போய் விழுகிறது என்பது வேறு. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று நாம் வசதியாகச் சொல்லிக்கொள்கிறோம். அடிக்கும் கை உண்மையில் அணைக்கிறதா என்பதை முடிவு செய்வது கையை உடையவர் அல்ல. 2007இல் இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இந்தக் கேள்வியைப் பெற்றோரிடம் மட்டும் கேட்டிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏணியும் முகங்களும்

‘நீ எப்படி இருக்கிறாய்?’ என்ற இரண்டாவது கேள்விக்கு மிகவும் புகழ்பெற்ற கருவி ஓர் ஏணிப் படம். அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1960களில் பெரியவர்களுக்காக உருவாக்கியது. உச்சியில் இருக்கும் 10ஆவது படி உனக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடியில் 0 மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீ எந்தப் படியில் நிற்கிறாய்? ‘மிகச் சிறந்தது’ எது என்பதைப் பிள்ளையே மனத்தில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் இதன் அழகு. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஐரோப்பாவிலும் கனடாவிலும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 11, 13, 15 வயது மாணவர்களிடம் நடக்கும் பெரிய ஆய்வு இந்த ஏணியைப் பயன்படுத்துகிறது. இந்தியா (ஆந்திரம், தெலங்கானா) உட்பட நான்கு நாடுகளில் சுமார் 12,000 பிள்ளைகளை 2002 முதல் தொடர்ந்துவரும் ஆக்ஸ்போர்டின் ‘யங் லைவ்ஸ்’ ஆய்விலும் ஓர் ஏணி உண்டு.

ஒரே ஏணி போதாது. மொத்த வாழ்க்கை பற்றிய தீர்ப்பு ஒன்று. பள்ளி, வீடு, நண்பர் என்று தனித்தனி அறைகளைப் பற்றிய கருத்து வேறு. கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு சிரித்தாய், எவ்வளவு சோர்ந்திருந்தாய் என்ற உணர்வுக் கணக்கு இன்னொன்று. ஏணியில் 9ஆம் படியில் நிற்கும் பிள்ளை, பள்ளியைப் பற்றிக் கேட்டால் 3 என்று சொல்லக்கூடும். அந்த 3 தெரிந்தால்தான் யாராவது ஏதாவது செய்ய முடியும். ‘சில்ட்ரன்ஸ் வேர்ல்ட்ஸ்’ என்ற பன்னாட்டு ஆய்வு இந்த மூன்று வகையிலும் கேட்கிறது. அதன் மூன்றாம் சுற்றில் இந்தியா, இலங்கை உட்பட 35 நாடுகளில் 1,28,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பதில் சொன்னார்கள். 10, 12 வயதினருக்கு 0 முதல் 10 வரை எண்கள். 8 வயதினருக்கு எண்களுக்குப் பதிலாக முகப் படங்கள்.

ஏன் முகங்கள்? எண் அளவு பிடிபடாவிட்டாலும் சின்னப் பிள்ளை ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடும். சின்னப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. 1980இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இருவர் 5, 7 வயதுப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே பொருளற்ற கேள்விகளைக் கேட்டார்கள். “பால் தண்ணீரைவிடப் பெரியதா?” “சிவப்பு மஞ்சளைவிடக் கனமானதா?” ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பதில் சொன்னார்கள், சிலர் காரணமும் சேர்த்துச் சொன்னார்கள். பெரியவர் கேட்டால் அதில் ஏதோ பொருள் இருக்கும், பதில் சொல்வதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று குழந்தை நம்புகிறது. ‘ஆம், இல்லை’ கேள்விகளில்தான் இந்த ஆபத்து அதிகம். பதிலைத் தன் வாயால் சொல்லும்படி திறந்து கேட்டால் பிள்ளைகள் ‘தெரியவில்லை’ என்று சொல்லத் தயங்குவதில்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின.

நான்கு முதல் ஏழு வயதினருக்கு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ட வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கைகளில் மாட்டிக்கொள்ளும் இரண்டு நாய்க்குட்டிப் பொம்மைகள், பெயர் இகி, ஸிகி. “எங்கள் வீட்டில் நிறையச் சண்டை நடக்கும்” என்கிறது ஒன்று. “எங்கள் வீட்டில் அவ்வளவாகச் சண்டை நடக்காது” என்கிறது மற்றொன்று. பிறகு இரண்டும் குழந்தையின் பக்கம் திரும்பி, “உங்கள் வீட்டில் எப்படி?” என்று கேட்கின்றன. இரண்டு பதில்களையும் யாரோ ஏற்கெனவே கூச்சமில்லாமல் சொல்லிவிட்டார்கள். எதைச் சொன்னாலும் தப்பில்லை என்பது குழந்தைக்குச் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

தமிழில் கேட்கும்போது

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிறந்த மொழி வேறு. தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு கேள்வித்தாளை ஆக்கும் வேலையில் சில மாதங்கள் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமான முறை இதுதான்: ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். ‘எனக்கு வீட்டில் போதிய தனிமை கிடைக்கிறது’ என்ற வரி இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிட்டது. பள்ளியில் ஒரு சிறுமியிடம் அதைப் படித்துக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டோம். “யாரும் என்னோடு பேச மாட்டார்கள், பாவம் என்று அர்த்தம்” என்றாள். மொழிபெயர்த்தவர்கள் இருவரும் பெரியவர்கள், படித்தவர்கள். அவர்களுக்கு விளங்கியது பிள்ளைக்கு வேறாக விளங்கியது. ‘யாரும் தொந்தரவு செய்யாமல் கொஞ்ச நேரம் இருக்க எனக்கு வீட்டில் ஓர் இடம் உண்டு’ என்று மாற்றினோம். அடுத்து உட்கார்ந்த பையன் ‘ஆம்’ என்று டிக் போட்டுவிட்டு, “மாடிப்படிக்குக் கீழே” என்று தானாகவே சேர்த்துக்கொண்டான்.

‘பெற்றோர் என்னை மரியாதையாக நடத்துகிறார்கள்’ என்ற வரிக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். மரியாதை கீழிருந்து மேலே போவது என்றுதான் அவர்கள் கற்றிருக்கிறார்கள். ‘என் பேச்சுக்கும் வீட்டில் மதிப்பு உண்டு’ என்றபோது முகங்கள் மாறின. ‘பெற்றோர்’ என்ற சொல்லும் தகராறு செய்தது. அப்பா வளைகுடாவில், அம்மா பனியன் கம்பெனியில், வளர்ப்பது பாட்டி என்றால் அந்தப் பிள்ளை யாரை நினைத்து டிக் போடும்? எனவே ‘உன்னை வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்று முதலில் கேட்டு, அவரை வைத்தே மற்றக் கேள்விகளை அமைக்க வேண்டியிருந்தது. ‘நான் கவலைப்படுவதில்லை’ என்ற வரிக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று டிக் போட்டால் கவலை உண்டா, இல்லையா? பெரியவர்களே தடுமாறுவார்கள். எதிர்மறை வாக்கியங்களை எல்லாம் எடுத்துவிட்டோம்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 10 என்ற எண். நம் பிள்ளைகளுக்கு 0 முதல் 10 என்றால் அது மார்க். அம்மாவுக்கு 7 போடுவது அவரைக் கிட்டத்தட்ட ஃபெயில் ஆக்குவது போல. ஒரு பெண் 8ஐ வட்டமிட்டு, பிறகு அழித்து 10 போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “குறைத்தால் அம்மா பாவம்” என்றாள். அதற்குப் பிறகு இட்லி எவ்வளவு பிடிக்கும், பாகற்காய் எவ்வளவு பிடிக்கும் என்று முதலில் பழக்கிவிட்டோம். பாகற்காய்க்குத் தயங்காமல் 1 போட்ட கை, அடுத்த பக்கத்திலும் கொஞ்சம் தைரியமாக நகர்ந்தது.

இப்படித் திரட்டிய எண்களைப் படிக்கவும் பழக்கம் வேண்டும். பெரும்பாலான நாடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் ஏணியின் மேல்பகுதியிலேயே நிற்கிறார்கள். ஆகவே சராசரி 8.5 என்று ஒரு மாவட்டமோ பள்ளியோ மகிழ்ந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியது நடுப்படிக்கும் கீழே நிற்கும் சிலரை. நாற்பது பேர் வகுப்பில் மூவர் 2ஆம் படியில் நின்றால் சராசரி அவர்களை விழுங்கிவிடும். பத்து வயதைத் தாண்டியபின் பதின்ம வயது முழுக்கத் திருப்தி படிப்படியாகக் குறைவது பல நாடுகளில் காணும் போக்கு. எட்டாம் வகுப்பு ஐந்தாம் வகுப்பைவிடக் குறைவாக இருந்தால் உடனே ஆசிரியரைக் குற்றம் சொல்லக் கூடாது. நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களையும் நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். சில சமூகங்களில் உச்ச எண்ணைப் போடுவது பண்பாடு. சிலவற்றில் அது தற்பெருமை. ஒரே ஊரில் ஆண்டுக்கு ஆண்டு என்ன மாறுகிறது, ஆண், பெண், ஏழை, மாற்றுத்திறன் உள்ளவர் என்ற பிரிவுகளுக்குள் என்ன இடைவெளி என்று பார்ப்பதே உருப்படியான வாசிப்பு.

கேட்கும் சூழலும் அளவின் ஒரு பகுதிதான். கூடத்தில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருக்க, அருகில் உட்கார்ந்து “அப்பா அடிப்பாரா?” என்று கேட்டால் வருவது பதில் அல்ல. வகுப்பில் ஆசிரியர் மேசைக்கு மேசை நடந்தாலும் அப்படித்தான். பெற்றோரிடம் அனுமதி வாங்கியபின் பிள்ளையிடமும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். பாதியில் எழுந்து போகலாம் என்றும் சொல்ல வேண்டும், உண்மையிலேயே போகவும் விட வேண்டும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று முழு வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். “நீ ஆபத்தில் இருக்கிறாய் என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன்” என்று தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தாளின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுப்பது மிகக் குறைந்தபட்சக் கடமை.

எங்கள் தாளில் ஏணிக்குக் கீழே இன்னொரு கேள்வியைச் சேர்த்திருந்தோம்: ‘ஒரு படி மேலே ஏற உனக்கு என்ன வேண்டும்?’ சைக்கிள், கிரிக்கெட் மட்டை, பரீட்சை இல்லாத பள்ளி என்று நிறைய வந்தன. 6ஆம் படியில் நின்ற ஒரு பையன், “தம்பி முன்னால் திட்டாமல் இருந்தால் போதும்” என்று எழுதியிருந்தான். திட்டுவது பற்றி அந்தத் தாளில் நான்கு கூற்றுகள் வைத்திருந்தோம். எத்தனை முறை திட்டுகிறார்கள், எதற்காகத் திட்டுகிறார்கள், என்ன சொல்லித் திட்டுகிறார்கள், பிறகு சமாதானம் செய்கிறார்களா என்று. யார் முன்னால் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த பதிப்பில் ஐந்தாவது கூற்றாக அதைச் சேர்த்தோம், ஏறக்குறைய அவன் எழுதிய சொற்களிலேயே.